ஏட்டுக் குழாயில் தண்ணீர் வராது

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முன்பு என் செக்ஷனில் கேங்மேனாக இருந்தவரின் மகளுக்குக் கல்யாணம். இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய கிராமம். அவர் வீட்டு வாசலில் சிறிய சிமெண்டுத் தூண் ஒன்று, அதில் ஒரு குழாய். ஆனால் கல்யாணச் சமையலுக்குத் தண்ணீர் டிராக்டரில் வந்து இறங்கிக் கொண்டிருந்தது.

"ஏன் பாய், இந்தக் குழாயில் வராதா?" என்று கேட்டேன்.

"போட்டோ எடுத்த அன்றைக்கு வந்தது சாப். அப்புறம் வரவில்லை" என்றார், சிரித்துக் கொண்டே. அவர் மகன் செல்போனை எடுத்துக் காட்டினான். அரசாங்கக் கணக்கில் அந்தக் கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் குழாய் இணைப்பு கொடுத்தாகி விட்டது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுக் குழாயும் அப்படித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? வாங்கியவர் யார்? வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டவர் யார்? நம் சங்கத்து நண்பர்களில் பலர் மத்திய அரசுப் பணியில் இருந்தவர்கள். இருந்தும் இந்தப் பணம் எப்படி வருகிறது, எப்படிக் கணக்குக் காட்டப்படுகிறது என்பது நம்மில் பலருக்குத் தெளிவாகத் தெரியாது. ஆகவே முதலில் அதைச் சொல்லி விடுகிறேன்.

மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்குப் பணம் முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது வரிப் பங்கு. அது மானியம் அல்ல, உரிமை. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு, பகிர்வுக்குரிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்று 15ஆவது நிதிக்குழு சொன்னது. இரண்டாவது, அரசியல் சட்டத்தின் 275ஆம் பிரிவின்படி நிதிக்குழு பரிந்துரைக்கும் மானியம். மூன்றாவதுதான் நம் விஷயம். மத்திய அரசு திட்டம் தீட்டும், மாநிலம் நிறைவேற்றும், செலவை இருவரும் பங்கு போட்டுக் கொள்வார்கள். 2015-16இல் நடந்த மாற்றத்துக்குப் பிறகு பெரும்பாலான திட்டங்களில் மத்திய அரசு 60, மாநிலம் 40. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90க்கு 10. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தில் மற்ற மாநிலங்களுக்குப் பாதிக்குப் பாதி. அதன் மொத்த மதிப்பீடு அன்று 3 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய்.

இந்தப் பணத்தைக் கேட்கும் முறை காகிதத்தில் அழகாக இருக்கிறது. கிராமத் திட்டம், அவற்றைத் தொகுத்து மாவட்டத் திட்டம், பிறகு மாநிலத்தின் ஆண்டுத் திட்டம் என்று கீழிருந்து மேலே போக வேண்டும். டில்லியில் பேசி ஒப்புதல் தருவார்கள். ஒப்புதல் கிடைத்ததும் முழுப் பணமும் வந்து விடாது. 2021இல் நிதி அமைச்சகம் கொண்டு வந்த முறைப்படி ஒரு தடவைக்கு 25 சதவீதத்துக்கு மேல் விடுவிப்பதில்லை. மாநிலம் தன் பங்கையும் போட்டு, கையில் உள்ளதில் 75 சதவீதம் செலவான பிறகே அடுத்த தவணை. ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே முகமை, ஒரே வங்கிக் கணக்கு என்பதும் அப்போது வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அதற்கு முன்பெல்லாம் பணம் எந்த வங்கியில் எவ்வளவு தூங்குகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

ஆனால் இந்தக் கட்டுப்பாடு முழுவதும் பணத்தைத்தான் பார்க்கிறது. ரூபாய் இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்குப் போனதை டில்லியில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் பார்க்கலாம். குழாய் மூன்றடி ஆழத்தில் போகிறதா, மூன்று அங்குல ஆழத்தில் போகிறதா என்று பார்க்க முடியாது.

பணத்துக்கே ஒழுங்காகக் கணக்கு வருகிறதா என்றால் அதுவும் இல்லை. வாங்கிய பணத்தைச் சொன்ன காரியத்துக்கே செலவழித்தோம் என்று தர வேண்டிய தாளுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் என்று பெயர். பீகார் அரசு தன் துறைகள் மூலம் கொடுத்த மானியங்களில் 2024 மார்ச் 31 வரை 70,877 கோடி ரூபாய்க்கு இந்தச் சான்றிதழ் வரவில்லை என்று சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. அவ்வளவும் களவு போனது என்று இதற்கு அர்த்தம் இல்லை. என்ன ஆயிற்று என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை என்று அர்த்தம். சான்றிதழ் வந்து விட்டாலும் நிம்மதி இல்லை. "செலவழித்தேன்" என்பதற்கும் "வேலை நடந்தது" என்பதற்கும் நடுவே உள்ள தூரம் எனக்குத் தெரியும். சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. லைன் ஓரத்தில் ஜல்லி இறக்கியிருந்தார்கள். குவியல் குவியலாக அடுக்கி வைத்ததை அளந்து மெஷர்மென்ட் புக்கில் எழுதுவது என் வேலை. வெயில் கடுமை. இரண்டு கோடியிலும் உள்ள குவியல்களை அளந்தேன். நடுவில் உள்ளவை அதே அளவுதானே என்று எழுதி விட்டேன். மறுநாள் எங்கள் அசிஸ்டன்ட் இன்ஜினியர் டிராலியில் வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் நடுவில் இருந்த ஒரு குவியலைக் கலைக்கச் சொன்னார். உள்ளே மண்மேடு! மேலே மட்டும்தான் ஜல்லி. என் பதிவைச் சிவப்பு மையில் அடித்து, அத்தனையையும் மறுபடி அளக்க வைத்தார். சப்ளை செய்தவரின் பில் நின்றது. எனக்கும் ஒரு மெமோ கிடைத்தது. ஆனால் அன்றைக்கு ஒரு வண்டியும் நிற்கவில்லை.

மேற்பார்வை என்றால் எனக்கு அதுதான் இலக்கணம். நேரில் வந்து கலைத்துப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் பில்லை நிறுத்த வேண்டும், வண்டியை நிறுத்தக் கூடாது.

இன்று நடப்பது இதற்கு நேர் எதிர். மேற்கு வங்கத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் முறைகேடு என்று 2022 மார்ச்சில் மத்திய அரசு பணத்தை நிறுத்தியது. முறைகேட்டைக் கேட்பது அதன் கடமை, மறுக்கவில்லை. ஆனால் நின்றது யாருடைய சோறு? பொய்க் கணக்கு எழுதியவனுடையதா, மண் வெட்டியவனுடையதா? மூன்று ஆண்டுக்கு மேல் ஆன பிறகு 2025 ஜூனில் கல்கத்தா உயர்நீதிமன்றம், தவறு நடக்காமலிருக்க நிபந்தனை போடலாம், ஆனால் வேலையைத் தொடங்குங்கள் என்று உத்தரவிட்டது. அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டமே வந்து விட்டது. அதில் பெரும்பாலான மாநிலங்கள் 40 சதவீதம் போட வேண்டும். இனி மாநிலங்களுக்கும் கை சுடும். அப்போதாவது மேற்பார்வை கூடுமா என்று பார்க்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டுக் கதையும் தெரிந்ததே. மத்திய அரசின் வேறொரு பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று 2024-25இல் சமக்ர சிக்ஷா பணம் 2,000 கோடிக்கு மேல் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநிலம் உச்சநீதிமன்றம் சென்றது. இங்கே கணக்கில் குறை என்ற பேச்சே இல்லை. ஒரு திட்டத்தின் பணத்துக்கு இன்னொரு திட்டத்தின் கையெழுத்தை நிபந்தனையாக்குவது மேற்பார்வை ஆகாது. இதைச் சொல்லும்போது மாநிலங்களையும் சொல்லியாக வேண்டும். டில்லி பணம் தரவில்லை என்று முழங்குகிற அரசுகள், வந்த பணத்தின் கணக்கைத் தம் மக்களுக்குக் காட்ட அதே குரலில் முன்வருவதில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்ற கதை இன்னும் மாறவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்திலேயே ஒரு நல்ல விதி உண்டு. வேலை முடிந்தது என்று அதிகாரி அறிவிப்பது ஒன்று. கிராம சபை கூடி, ஆமாம், எல்லா வீட்டிலும் தண்ணீர் வருகிறது என்று தீர்மானம் போட்டுச் சான்று தருவது வேறு. 2022 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் புர்ஹான்பூர், அதன் 254 கிராமங்களிலும் இப்படித் தீர்மானம் போட்டு, நாட்டிலேயே முதன்முதலாகச் சான்று பெற்ற மாவட்டம் ஆயிற்று. ஆந்திரத்தில் நூறு நாள் வேலைக்கென 2009இல் சமூகத் தணிக்கைக்குத் தனி அமைப்பே வைத்தார்கள். ஊரார் முன்னிலையில் மஸ்டர் ரோலை வாசித்தார்கள். மேகாலயா 2017இல் இதற்குச் சட்டமே போட்டது, நாட்டில் முதல் மாநிலமாக.

என் யோசனை எளிது. கடைசித் தவணைக்கு அதிகாரியின் சான்றிதழ் மட்டும் போதாது, கிராம சபையின் தீர்மானமும் வேண்டும். அளவுப் புத்தகத்தின் பக்கங்களை அந்த ஊர் மொழியில் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். குறை கண்டால் அந்த ஒப்பந்தக்காரர் பில்லும் கையெழுத்துப் போட்டவர் இன்கிரிமென்டும் நிற்கட்டும். கூலியும் குடிநீரும் நிற்க வேண்டாம். கிராம சபையையும் மிரட்டிக் கையெழுத்து வாங்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். வாங்குவார்கள்தான். ஆனால் ஓர் அதிகாரியைச் சரிக்கட்டுவதை விட, தினமும் குடம் தூக்கும் இருநூறு பெண்களைச் சரிக்கட்டுவது கஷ்டம்.

கடைசியாக நம்மைப் பற்றி. நாம் இங்கே வந்து முப்பது, நாற்பது வருடம் ஆயிற்று. வரி இங்கே கட்டுகிறோம், ஓட்டு இங்கே போடுகிறோம். இருந்தாலும் தெருவில் சாக்கடை நின்றால்கூட "நமக்கென்ன, நம் ஊரா?" என்று கடந்து போகிறோம். ஊரில் அணை நிரம்பிய செய்தி தெரிகிறது, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் கிராமத்தில் தண்ணீர் வருகிறதா என்பது தெரியாது. நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், ஆடிட் ஆபீஸில் இருந்தவர்கள் இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி காகிதத்தின் நகலை மட்டுமல்ல, நடந்த வேலையையே நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றோடு வாங்கவும் எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், சங்கக் கட்டிடத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால் போதும். பொங்கல் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் கால் பங்கு ஆகாது.

நான் தொடங்கி விட்டேன். கேங்மேன் பெயரில் அவர் மகன் இந்தியில் மனு எழுதினான், என்ன கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். குழாய் பதித்த ஆழம், நீளம், மோட்டாரின் குதிரை சக்தி, வேலையைச் சோதித்த தேதி, அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் டேப்பை எடுத்துக் கொண்டு மறுபடி அந்த ஊருக்குப் போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் சங்கத்தில் சொல்லி வையுங்கள்.