பானையும் கண்ணாடிப் பெட்டியும்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படையை நடுங்கச் செய்யும் அப்பிராணி, இரண்டு முழக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிற்பகலிற் சோர்ந்து மடிந்துவிடக்கூடியது என்பதை யான் பதின்மூன்றாம் வயதில் அறிந்துகொண்டேன். அவ்வறிவு வந்த வழி பெருமைக்குரியதன்று. விழா மலரிற் பழம்பெருமைகளைப் பேசுதல் மரபாயினும், பழம்பிழை ஒன்றையும் எடுத்துரைத்தல் இன்றைய மாணவர்க்குப் பயன்தரும் என்னும் துணிவினால் இதனை எழுதலானேன்.

எனது ஊர் பனிச்சங்கேணி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோர வீதியில், வாகரைக்கு இப்பால், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாகக் கிடக்கும் ஊர். ஆனி மாதத்தில் ஒருநாள், களப்போரத்துப் புதரில் இளஞ்சாரைப் பாம்பொன்றைப் பிடித்தேன். கல்லூரி விஞ்ஞானக் கண்காட்சிக்கு அதனைக் கொண்டு செல்வதென முடிவு செய்தேன். நான்கு பக்கமும் கண்ணாடி பொருத்திய பெட்டியொன்றையும் தேடிக்கொண்டேன். அதனைக் கண்ட பாட்டனார், "கண்ணாடிக்குள்ளே அடையாதே மனே. பழைய பானையிலே ஈரமணல் போட்டு நிழலிலே வை, இல்லையென்றால் விட்டுவிடு" என்றார். பானைக்குள் இருக்கும் பாம்பை யார் காண்பார்? கண்காட்சிக்கு வேண்டியது கண்ணாடியல்லவா? பாட்டனாருக்கு விஞ்ஞானம் தெரியாது என்று எண்ணி, பெட்டியுடன் புறப்பட்டேன்.

கண்காட்சியன்று எல்லாரும் காணவேண்டுமெனப் பெட்டியை மேற்குச் சாளரத்தின் அருகே வைத்தேன். அன்று கச்சான் காற்று வீசியது. நண்பகலுணவு முடித்துத் திரும்பியபோது வெயில் பெட்டியின்மேல் விழுந்திருந்தது. பாம்பு வாய் திறந்தபடி மல்லாந்து கிடந்தது. ஒருவரும் என்னைக் கடியவில்லை. பாட்டனாரிடம் மாத்திரம் நெடுநாள் வரை நான் உண்மை சொல்லவில்லை.

அன்று நடந்தது யாது என்பதைப் பின்னரே கற்றேன். நமது உடல் தன் வெப்பத்தைத் தானே ஆக்கி, ஏறக்குறைய 37 பாகை செல்சியஸில் நிறுத்திக்கொள்கின்றது. பாம்பு அவ்வாறு செய்ய இயலாதது. வெயிலுக்கு வந்து சூடேறும். நிழலுக்குச் சென்று சூடாறும். வேண்டிய வெப்பம் கிடையாதபோது விழுங்கிய இரை செரியாது வயிற்றிற் கெட்டுப்போகும், அதனைக் கக்கிவிடும், நோயை எதிர்க்கும் ஆற்றலும் குன்றும். வெப்பம் மிகுந்தால் நிலைமை இன்னும் கொடிது. 40 பாகையை அண்மித்த வெப்பத்தில் ஒதுங்க இடமின்றி அகப்பட்ட பாம்புகளுட் பெரும்பாலானவை சிறிது நேரத்திலேயே மடியும். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உட்சூட்டை எளிதில் வெளியே விடாது. ஆதலின் புறத்தே பொறுக்கத்தக்க வெயிலும் பெட்டியினுள்ளே உலையாகிவிடுகின்றது.

இவ்விதிக்கு விலக்கொன்றும் உண்டு. வெங்கிணாந்தி என நம்மவர் வழங்கும் மலைப்பாம்பின் பெட்டை தன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளை இடைவிடாது துடிக்கச் செய்து சூடு உண்டாக்கும். பாரிஸ் நகர விலங்குக் காட்சிச்சாலையில் அடைகாத்த மலைப்பாம்பொன்றின் வெப்பத்தை அளந்து வலென்சியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1841இல் வெளியிட்டார். நியூயோர்க் நகரிற் செய்யப்பட்ட ஆய்வு 1966இல் அதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. சுற்றியுள்ள காற்று குளிரக் குளிரத் தாயின் துடிப்பு விரைவுபடும். வெப்பத்தை அளவறிந்து கொடுக்கும் அத்தாயின் கருத்திற் சிறிதளவேனும் பாம்பை அடைத்து வைப்போனுக்கு வேண்டாவோ?

வெப்பத்திற்கு அடுத்தது ஈரம். பாம்பு வளருந்தோறும் தோலுரிக்கும். உரிக்குமுன் அதன் கண்கள் நீலம்பாரித்து மங்கும். பழந்தோலுக்கும் புதுத்தோலுக்கும் இடையே நீர்மம் ஊறும். காற்றிற் போதிய ஈரமிருந்தால் மூக்கிலிருந்து வால்நுனி வரை சட்டை முழுதாகக் கழன்றுவிடும். காற்று உலர்ந்திருந்தால் தோல் துண்டுதுண்டாகக் கிழியும். பாம்பிற்குக் கண்ணிமை இல்லை. கண்ணை மூடியுள்ள மெல்லிய கவசமும் தோலோடு கழலவேண்டியதே. அது கழலாது ஒட்டிக்கொண்டால் பார்வை கெடும். வால்நுனியிற் சிக்கிய தோல் வளையம்போல் இறுகி இரத்தோட்டத்தைத் தடுக்கும்.

ஆயின் ஈரம் வேறு, சேறு வேறு. நீர் தேங்கிய தரையிலும் காற்றோட்டமற்ற பெட்டியிலும் கிடக்கும் பாம்பிற்கு வயிற்றுச் செதில்களிற் கொப்புளம் தோன்றிப் புண்ணாகும். சுவாசநோய் பற்றி வாயைத் திறந்து மூச்சுவிடும். தரை காய்ந்திருக்க, காற்று ஈரமாயிருக்க, ஒதுங்குவதற்கு ஈரப்பாசி இட்ட சிறுமறைவொன்றும் இருத்தல் நன்று.

வெப்பமும் ஈரமும் தனித்தனியே ஆளத்தக்கவையல்ல. காற்றைச் சூடாக்கினால், அதிலுள்ள நீராவி குறையாதிருந்தும், சாரீரப்பதன் குறைந்துவிடும். இதனைக் கனடாவிலுள்ள எனது பேரன் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கின்றேன். அங்கே பாம்பு வளர்த்தல் பிள்ளைகளின் பொழுதுபோக்குகளுள் ஒன்று, கடைகளில் விற்கின்றனர். அவன் வளர்ப்பது மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு. முதல் மாரிக் குளிரில் வீடெங்கும் வெப்பமூட்டிய காற்று. பெட்டிக்கு மேலே இரவுபகலாக எரியும் மின்குமிழ். தோல் கந்தல் கந்தலாக உரிந்து, ஒரு கண்ணின் கவசமும் கழலாது நின்றது. மிருக வைத்தியர் பெட்டியைப் பார்த்தே நோயை அறிந்துவிட்டார். பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 பாகை, மறுமுனை 25 முதல் 27 பாகை, சாரீரப்பதன் நூற்றுக்கு 60 அளவில் இருத்தல் வேண்டும் என்றும், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்ரற் இன்றி எக்கருவியையும் எரியவிடலாகாது என்றும் அவர் அறிவுறுத்தினார். சூடேறிய கல்லின்மேற் கிடந்து வயிறு வெந்துபோகும்வரை விலகாத பாம்புகளும் உண்டாம். பேரன் கம்பிவலை மூடியிற் பாதியை மறைத்தான், ஈரப்பாசி வைத்தான், இருமுனையிலும் வெப்பமானி வைத்தான். அடுத்த சட்டை முழுதாகக் கழன்றது. அதனை நிழற்படமெடுத்து எனக்கு அனுப்பினான்.

இங்கே நம் மாணவர் ஒன்றைக் கருதவேண்டும். பாம்பு வளர்ப்புப் பற்றிய நூல்களுட் பெரும்பாலானவை குளிர்நாட்டார் எழுதியவை. சூட்டை எவ்வாறு கொடுப்பது என்பதே அவர்தம் கவலை. நமது கவலையோ சூட்டை எவ்வாறு போக்குவது என்பது. தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக இறங்கி வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் எமது கரையை வாட்டுகின்றது. நிழலிலேயே 35 பாகையைத் தாண்டும் நாட்கள் உள. கார்த்திகை முதல் தை வரையோ வாடைக்காற்றும் அடைமழையும். உப்பு நீராகும், துணி உலராது. ஒரே பெட்டி, ஒரே சாளரம். ஆனியில் அதற்கு நிழலும் நீரும் வேண்டும், மார்கழியிற் காற்றோட்டமும் உலர்தரையும் வேண்டும். நூலைப் பார்த்து விளக்கேற்றுவோன் இங்கே பாம்பைக் கொல்வான்.

நமது தட்பவெப்பத்திற்கு ஏற்ற முறையை நமது இனத்தவரே கண்டு வைத்துள்ளனர். தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உள்ளது. பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட்டதனாற் பிழைப்பிழந்த இருளர், பாம்பைக் கொல்லாது நஞ்சு மட்டும் எடுத்து வாழ வழிசெய்தது அச்சங்கம். நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்பவற்றைப் பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து, வாரமொருமுறை நஞ்செடுத்து, அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விடுகின்றனர். அவர்கள் பாம்பை வைப்பது கண்ணாடியில் அன்று. மணலிட்டுத் துணியால் வாய்கட்டிய மண்பானையில். சுடுமண் நீரை உறிஞ்சும். அந்நீர் ஆவியாகும்போது பானை குளிரும். நமது வீடுகளில் தண்ணீர்க் குடம் குளிரும் முறையும் அதுவே. துணி காற்றை விடும். இருள் அச்சத்தைத் தணிக்கும். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அங்கே ஒருமுறை சென்றிருந்தேன். வரிசையாக வைத்திருந்த பானைகளைக் கண்டதும் பாட்டனாரின் சொல் செவியில் ஒலித்தது. நெடுநேரம் பேசாது நின்றேன்.

'நஞ்சுடைய பிராணிக்கு இத்துணை உபசாரம் எதற்கு?' என வினவுவார் உளர். அவர்க்கு விடை எளிது. இலங்கை மருத்துவமனைகள் நெடுங்காலமாக நம்பியிருப்பது இந்தியாவில் ஆக்கப்படும் விடமுறி மருந்தை. அம்மருந்திற்கு வேண்டும் நஞ்சிற் பெரும்பங்கை அளித்து வந்தோர் அவ்விருளர். பானைக்குள் பாம்பு நலமாயிருந்தாலன்றி நல்ல நஞ்சு கிடையாது. படுவான்கரை வயலிற் கடியுண்ட உழவன் உயிர்பிழைப்பதற்கும் அப்பானையின் குளிர்ச்சிக்கும் தொடர்புண்டு. நம் நாட்டிற் பலரைக் கடிக்கும் குழிவிரியன் வகைக்கு அவ்விந்திய மருந்து பயன்படுவதில்லை. அக்குறை தீர நம் நாட்டுப் பாம்புகளின் நஞ்சே வேண்டும். அதற்கும் பாம்புகளை முறையாக வைத்துக் காக்கும் அறிவு வேண்டும்.

எனினும், மாணவர் இதனைப் படித்துவிட்டுப் பானையுடன் காட்டிற்குப் புறப்படல் வேண்டா. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வெங்கிணாந்தி உள்ளிட்ட பாம்புகள் பலவற்றைக் காக்கின்றது. சட்டம் ஒருபுறமிருக்க, எனது கருத்து இதுவே: ஓர் உயிருக்கு வேண்டிய சூட்டையும் ஈரத்தையும் அளந்து, இரவுபகலாகக் கொடுக்க இயலாதவனுக்கு அதனை அடைக்கும் உரிமை இல்லை. கூட்டின் அழகு காண்போர்க்கு உரியது. அதன் வெப்பமும் ஈரமும் உள்ளிருப்பதன் உயிர்.

கண்காட்சிகளிற் பாம்பை வைக்கும் வழக்கத்தை விடுத்து, அதற்கீடாக ஒன்றைச் செய்யுமாறு நமது கல்லூரி விஞ்ஞான மாணவர் மன்றத்தை வேண்டுகின்றேன். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்பர். பாம்பு ஏன் குடிபுகுகின்றது? வெறுங் கண்ணாடிப் பெட்டியொன்று, ஈரமணலிட்ட மண்பானையொன்று, கைவிடப்பட்ட புற்றொன்று ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். புற்றிற் கையிட வேண்டா. ஆசிரியர் துணையுடன் நீண்ட கம்பியிற் கட்டிய வெப்பமானியையும் ஈரமானியையும் இறக்கினாற் போதும். கச்சான் மாதத்தில் ஒருவாரமும் வாடை மாதத்தில் ஒருவாரமும் காலை, நண்பகல், இரவு என அளந்து பதியுங்கள். அவ்வேடு ஆண்டுதோறும் வளர்ந்தால், அடைத்து வைத்த எப்பாம்பும் கற்பிக்காததை அது கற்பிக்கும்.

அந்த ஏட்டின் முதற்பக்கத்திலே பனிச்சங்கேணிச் சாரை ஒன்றை ஒருவரி நினைவுகூர்வீர்களாயின், இப்பழைய மாணவன் தன் கடனிற் சிறிது தீர்ந்ததென மகிழ்வான்.