உலக நடப்பு: விற்பவனும் கடன்காரனும்



நோர்பரியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடியும்வரை வாசலில் காத்து நின்றோம். அண்மையில் இங்கு குடியேறிய நெடுந்தீவு அன்பர் ஒருவர் கேட்டார்: "அண்ணை, அம்பாந்தோட்டையை விடுங்கோ. எங்கட தீவில சீனாக்காரனுக்கு என்ன அலுவல்?"

நியாயமான கேள்வி. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் இயந்திர மின்சாரத்தை நம்பியிருந்தவை. அங்கே காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் எடுக்கும் வேலையை 2021 ஜனவரியில் கொழும்பு ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று டில்லி எதிர்த்தது. அவ்வாண்டு முடிவதற்குள் சீன நிறுவனம் வேலையைக் கைவிட்டது. 2022 மார்ச்சில் அது இந்தியாவிடம் போயிற்று.

டில்லியின் அச்சம் வெறுங்கற்பனை அல்ல. தென்சீனக் கடலின் பெரும்பகுதி தனது என்கிறது சீனா. அங்கே பவளப்பாறைகளை மண்ணிட்டு நிரப்பி விமான ஓடுபாதைகளும் அமைத்துள்ளது. பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், இந்த உரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை என 2016 யூலையில் ஹேக் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை. அயல்நாடுகள் ஒருமித்துக் குரல் கொடுத்தனவா? 2012இல் கம்போடியா தலைமை வகித்த ஆசியான் வெளிநாட்டமைச்சர் மாநாடு, இக்கடல் விவகாரத்தில் இணங்க முடியாமல், 45 ஆண்டுகளில் முதற்தடவையாகக் கூட்டறிக்கை இன்றிக் கலைந்தது. கம்போடியாவோ சீன உதவியில் பெரிதும் தங்கியிருந்த நாடு.

இலங்கைக்கு வருவோம். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. கிடைத்த 112 கோடி டொலரால் துறைமுகக் கடன் தீர்ந்தது எனப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பணம் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. கடன் கடனாகவே இருந்தது. 2022 ஓகஸ்டில் 'யுவான் வாங் 5' என்ற சீனக் கப்பலின் வருகையைத் தள்ளிப்போடும்படி கேட்ட கொழும்பு, சில நாட்களிலேயே அனுமதி கொடுத்தது. நாடு வங்குரோத்தாகிக் கிடந்த நேரம் அது. சீனாவிடமும் கடன், இந்தியாவிடமும் கடன். யாருக்கு 'இல்லை' என்பது?

ஆனால் 1952ஐ நினைத்துப் பாருங்கள். கொரிய யுத்த காலம். அமெரிக்கா விரும்பாதபோதும், அதே சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெற இலங்கை ஒப்பந்தம் செய்தது. அன்று எமது கையில் விற்க ஒரு பொருள் இருந்தது. அதனால் ஒரு வல்லரசின் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல முடிந்தது.

வியாபாரம் ஒரு நாட்டை அடிமையாக்குவதில்லை. ஒரே கடையில் கொப்பிக் கணக்கு ஏறும்போதுதான் வாய் அடைக்கிறது. அந்த விலையைக் கடன் வாங்கியவர்கள் மட்டும் கொடுப்பதில்லை. கையெழுத்து வைத்தது கொழும்பு; வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது நெடுந்தீவு.