மேய்க்கால் நிலத்தை மனைக்கட்டு ஆக்க விடமாட்டோம்!

  

நம்ம ஊர் மேய்க்கால் புறம்போக்கைச் சுற்றியுள்ள மானாவாரிப் பட்டா நிலங்களை ரியல் எஸ்டேட்காரர்கள் ஒவ்வொன்றாகக் கிரயம் வாங்கிவிட்டார்கள். கல் நட்டு, கலர் கொடியும் கட்டியாச்சு. இப்போது மேய்க்காலுக்கு நடுவே மனைக்குப் போக ரோடு வேண்டுமாம். இன்றைக்கு ரோடு, நாளைக்குப் பூங்கா, மறுநாள் மேய்க்காலே மனைப் பிரிவுக்குள்! மொத்த நிலத்தையும் 'தரிசு' என்று வகை மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றும் பேச்சு நடக்கிறது.

தரிசா? யாருக்குத் தரிசு? ஐப்பசி மழை விழுந்ததும் அருகும் கொழுக்கட்டைப் புல்லும் அங்கே முளைப்பதை எந்த அதிகாரி வந்து பார்த்தார்? சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும்போது போட்டோ எடுத்துக்கொண்டு 'காலி இடம்' என்கிறார்கள். அங்கே விழும் மழைதான் ஓடை வழியாக நம் ஏரிக்கு வருகிறது. மண் கொட்டி மேடாக்கினால் ஏரிக்கு வரத்து ஏது?

நிலம் உள்ளவனுக்கு வரப்பிலாவது புல் இருக்கு. ஒரு குழி நிலம்கூட இல்லாமல் நாலு வெள்ளாடு வைத்திருக்கும் வீட்டுக்கு என்ன இருக்கு? கதிர் அறுக்கப் போனவர்கள் ஒரு கட்டு வைக்கோலாவது தலைச்சுமையாகக் கொண்டுவந்த காலம் போச்சு. மிஷின் அறுக்கிறது, இன்னொரு மிஷின் உருட்டிக் கட்டுகிறது, வியாபாரி லாரியில் ஏற்றிப் போகிறான். மேய்க்காலும் போனால் அந்த வெள்ளாடு சந்தைக்குத்தான் போகும். பிள்ளையின் காலேஜ் பீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அந்த வீட்டில் வேறு இருப்பு கிடையாது.

நிலத்தை விற்றவர்களை நாம் ஏசவில்லை. கடன் கழுத்தை நெரித்தது, விற்றார்கள். அது அவரவர் பட்டா. மேய்க்காலை விற்கவோ, வழி விடவோ எவர் கையிலும் பட்டா இல்லை. கோயில் திருப்பணிக்கு நன்கொடை தருகிறார்களாம். கோயில் மாட்டை எங்கே மேய்ப்பது என்று சாமி கேட்டால் என்ன பதில் சொல்வார்களோ!

"ஏழைக்கு வீடு வேண்டாமா?" என்று நம்மையே மடக்குகிறார்கள். வேண்டும். வீடில்லாதவர்களுக்கு மனைப்பட்டா கேட்டு மனுக் கொடுத்ததே நம் சங்கம்தான். இங்கே விற்கப்போகும் மனையை நம்ம ஊர் கூலிக்காரர் எவராவது வாங்க முடியுமா?

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, வண்டி நிற்குமிடம், தோப்பு ஆகியவற்றை ஊராட்சியின் பொறுப்பில் விட்டிருக்கிறது. பஞ்சாபில் பாட்டியாலா பக்கம் ஒரு கிராமத்துக் குட்டையைத் தூர்த்து வீடு கட்டியவர்கள், பணம் கட்டுகிறோம், எங்களுக்கே கொடுங்கள் என்றார்கள். கலெக்டரும் சரி என்றார். 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, நிலத்தை ஊருக்கே திருப்பித் தரச் சொன்னது. எத்தனை வருடம் அனுபவித்தாலும், எத்தனை செலவு செய்து கட்டினாலும், அரசியல் செல்வாக்கு இருந்தாலும் அது சாக்கு ஆகாது என்றது. கிராமப் பொது நில ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அரசு முறைப்படி குத்தகைக்குக் கொடுத்தது, ஏற்கெனவே பள்ளிக்கூடம் போன்றவை உள்ளது என்று சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. மனை வியாபாரிக்கு அதில் இடமில்லை.

ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால் ஓடை, நீர்நிலை உள்ள அரசு நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க வழி திறந்திருக்கிறது. இங்கே வந்திருப்பவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. பெரிய ஆளுக்குத் திறந்த கதவில் சின்ன ஆளும் தலையை நீட்டிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே, சர்வே நம்பரைச் சொல்லி அ-பதிவேட்டைப் பாருங்கள். 'மேய்க்கால்' என்றுதான் இன்றும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். வகை மாற்றக் கோப்பு ஓடுகிறதா என்று கேட்டு 10 ரூபாய் கோர்ட் பீ வில்லை ஒட்டி தகவல் உரிமை மனுப் போடுங்கள். எழுத முடியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவர் அல்ல, எல்லோரும் வாருங்கள். ஆடு மேய்க்கும் பெண்கள் முன் வரிசையில் உட்காருங்கள். 'மேய்க்காலில் ரோடும் கிடையாது, மனையும் கிடையாது, வகை மாற்றமும் கிடையாது' என்று தீர்மானம் எழுதி, நம் கண் முன்னே வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் எவர் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்று காலை 9 மணிக்கு மந்தையில் கூடி ஊர்வலமாகப் புறப்படுகிறோம். ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வாரீர்! வாரீர்!