பாதுகாப்பியலும் நம் பிள்ளைகளும்

பாதுகாப்பியல் என்றதும் நம் குடும்பங்களில் துப்பாக்கியும் காவல்துறையுமே நினைவுக்கு வருகின்றன. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 1994ஆம் ஆண்டு அறிக்கையோ உணவு, உடல்நலம், சுற்றுச்சூழல் உள்ளிட்ட ஏழு கூறுகளை மனிதப் பாதுகாப்பில் அடக்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பாதுகாப்புக் கல்விக்கெனத் தனித்துறை உண்டு.

முதலாண்டு மாணவர் பழகவேண்டியது ஆயுதங்களின் பெயர்களை அன்று. இச்செய்தியைச் சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், இதனால் ஆதாயம் யாருக்கு என வினவவேண்டும். கண்டறிந்ததை ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதவேண்டும். அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராக ஆராய்ந்த ஹதீஸ் கலை வல்லுநர்களின் வழிவந்த நமக்கு இது புதிதன்று. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது.

நம்மைப் பற்றிய அறிக்கைகளைப் பிறரே எழுதுகின்றனர் என்று வருந்தும் பெற்றோர், எழுதும் ஆற்றலுள்ள மகளையோ மகனையோ இத்துறைக்கு அனுப்பத் தயங்குவது ஏன்?