கையில் தேங்கும் கதிர் மருந்து

நரம்பு ஊசி போடுகிறார்கள். ஊசி முனை கொஞ்சம் நழுவிவிடுகிறது. மருந்து ரத்தக் குழாயில் ஏறாமல் சதையில் இறங்கிவிடுகிறது. கை வீங்கும், வலிக்கும். ஒத்தடம் கொடுத்தால் இரண்டொரு நாளில் வடிந்துவிடும்.

ஆனால், அது கதிர் வீசும் மருந்தாக இருந்தால்?

புற்றுநோய் எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது என்று படம் பிடிக்க இத்தகைய மருந்தை ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தோடு ஓடி, நோய் உள்ள இடத்தில் போய்ச் சேரும். பாதி மருந்து கையிலேயே நின்றுவிட்டால் படம் மங்கும். நோய் குறைந்துவிட்டது போலக்கூடத் தோன்றலாம். அதை நம்பி டாக்டர் சிகிச்சையை மாற்றினால்?

கைக்கும் கேடு உண்டு. படம் பிடிக்க உதவும் புளோரின்-18 மருந்தின் கதிர் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் பெரும்பாலும் தோல் தப்பிவிடுகிறது. நோயை அழிக்கக் கொடுக்கும் லுட்டீசியம்-177 பாதியாகவோ 6 நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அது சதையைச் சுடும்!

1980-ல் கொடுத்த விலக்கு

அமெரிக்காவில் இதற்கு விதி வகுப்பது அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். கதிர் மருந்து கொடுப்பதில் பெரிய தவறு நேர்ந்தால் ஆஸ்பத்திரி அதனிடம் தெரிவிக்க வேண்டும். ஆனால், 1980-ல் ஆணையம் ஊசிக் கசிவுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அது அடிக்கடி நடப்பது, தவிர்க்க முடியாதது என்று காரணம் சொன்னது. அடிக்கடி நடக்கிறது என்றால் அல்லவா கணக்கு எடுக்க வேண்டும்?

2020-ல் ஒரு மனு வந்தது. கசிவால் சதையில் அரை சீவர்ட்டுக்கு மேல் கதிர் பட்டால் தெரிவிக்க வேண்டும் என்று அது கேட்டது. மனு போட்டது, கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி செய்யும் கம்பெனி. அதற்கு லாபம் உண்டுதான். அதனால் சொன்னது பொய்யாகிவிடுமா?

2022 டிசம்பரில் ஆணையம் விதியை மாற்றத் தீர்மானித்தது. ஆனால், கதிர்ப் புண் என்று சந்தேகப்பட்டு வைத்தியம் தேவைப்படும் கசிவை மட்டும் தெரிவித்தால் போதும் என்றது.

இங்கேதான் ஓட்டை. கதிர்ப் புண் உடனே தெரியாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஆகும். அதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார். கை சிவந்ததும் பக்கத்துத் தெரு டாக்டரிடம் காட்டுவார். என்றோ போட்ட ஊசி அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்?

புண் வரும்வரை காத்திருப்பது விதியல்ல. ஊசி போட்ட கையையும் சேர்த்துப் படம் பிடிக்கட்டும். கசிந்திருந்தால் எவ்வளவு என்று அன்றே கணக்கிட்டு, நோயாளி கையில் எழுதிக் கொடுக்கட்டும்.