கோழியின் காலைப் பாருங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மழை பிடித்த ஒரு மாதத்திற்குள் அவர் வீட்டுக் கோழிகளில் மூன்று நொண்ட ஆரம்பித்துவிட்டனவாம். "குளிர் தாக்கிவிட்டது, இனித் தேறாது, அறுத்துவிடு" என்கிறார்களாம் அண்டை வீட்டார். முட்டை விற்ற சிறுவாட்டுப் பணத்தில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் குடும்பத்துக்கு மூன்று கோழி போவது அற்ப நஷ்டமன்று. ஆகவே இந்த வாரப் பகுதியை அவருடைய கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

உறைபனி விழும் தேசங்களில் கோழியின் விரல்கள் குளிரால் கருகி உதிர்வதுண்டு. இராமேசுவரம் தீவில் அந்தப் பயம் கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே இங்கு வினை செய்கிறது. குளிரன்று, ஈரமே சத்துரு. நனைந்த தரையில் நாள் கணக்காக நிற்கும் கோழியின் உள்ளங்கால் ஊறி மெலிந்துவிடுகிறது. பிறகு சிறு முள் தைத்தாலும் கிருமி உள்ளே புகுந்துவிடும். முள்ளுக்கோ இராமநாதபுரம் சீமையில் பஞ்சமில்லை. உடைமரமும் சீமைக்கருவேலும் எங்கும் நிற்கின்றன.

நொண்டும் கோழியை இருட்டிய பிறகு பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். நடுவில் வீக்கமும் அதன்மேல் கறுத்த பொருக்கும் இருந்தால், அது உள்ளங்கால் கட்டி. ஸ்டபிலோகாக்கஸ் என்னும் கிருமியே பெரும்பாலும் இதற்குக் காரணம். பெருவிடைச் சேவல் போன்ற கனத்த சரீரமுள்ளவற்றுக்கும், உயரத்திலிருந்து குதிப்பவற்றுக்கும் இது அதிகமாக வரும். கோழியின் சீழ் மனிதருடையதைப்போல் நீராக ஓடாது, கெட்டிப்பட்டுக் கிடக்கும். ஆகையால் பிதுக்குவதில் பிரயோஜனமில்லை. கிருமி இன்னும் ஆழத்துக்குப் போவதுதான் மிச்சம். ஆரம்ப நிலையானால், உப்புக் கரைத்த வெந்நீர் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அதில் பத்து நிமிஷம் காலை ஊறவைத்து, ஈரம் போகத் துடைத்து, பொவிடோன் அயோடின் தடவிச் சுத்தமான துணியால் கட்டுங்கள். தினந்தோறும் கட்டை மாற்றி, காய்ந்த உமி பரப்பிய இடத்தில் அதைத் தனியே வையுங்கள். கட்டி பெருத்துச் சூடாக இருந்தால் கால்நடை வைத்தியரே அதை அறுக்கவேண்டும். வீட்டில் கத்தி எடுக்கவேண்டாம். இக்கிருமி மனிதர் புண்ணிலும் புகக்கூடியது. வேலை முடிந்ததும் கையைச் சோப்பினால் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

உள்ளங்கால் சுத்தமாயிருந்து, காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பினாற்போல் வெளுத்திருந்தால், அது வேறு வியாதி. கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிற்றுண்ணி செதிலுக்கடியில் வளை தோண்டிக் குடியிருக்கிறது. சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷினால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்ததும் தேங்காயெண்ணெயையோ வாஸ்லினையோ கனமாகப் பூசுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று தடவையாகச் சில வாரங்கள் விடாமல் செய்யவேண்டும். செதிலைப் பிய்க்கக் கூடாது. மண்ணெண்ணெய் பூசினால் தோல் வெந்துவிடும். இது ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவதால், எல்லாக் கோழிகளின் கால்களையும் சோதிப்பது அவசியம்.

மீன்பிடி ஊர்களுக்கென்றே மூன்றாவது தொல்லை ஒன்றுண்டு. வலை செப்பனிடும்போது உதிரும் நைலான் நூல் கோழியின் விரலில் சுற்றிக்கொள்கிறது. பருத்தி நூலானால் மக்கிப்போகும்; நைலான் எளிதில் மக்காது. நடக்க நடக்க இறுகி, இரத்தவோட்டத்தைத் தடுத்து, விரலையே கறுக்கச் செய்துவிடும். சிறு கத்தரியால் நூலை வெட்டியெடுத்து, புண்ணுக்கு மருந்திடுங்கள். துண்டு நூலைப் போட ஒரு தகர டப்பா வைத்துவிட்டால் இத்தொல்லை எழவே எழாது.

காலில் ஒரு குறையும் இல்லாமல், ஒரு காலை முன்னும் மற்றொன்றைப் பின்னும் நீட்டிக் கோழி விழுந்துகிடந்தாலும், கழுத்துத் திருகிக் கழிச்சலும் கண்டாலும், அவை காலைச் சேர்ந்த வியாதிகளல்ல. உடனே அதைப் பிரித்துவைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தெரிவியுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசிதான் காவல்.

மனிதருக்கு வாங்கி மிஞ்சிய மாத்திரைகளைக் கோழிக்குக் கொடுப்பது பெருந்தவறு. கண்டபடி மருந்து கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். இந்த அபாயத்தை உத்தேசித்தே 2019-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கொடுக்கத் தடை விதித்தது. வைத்தியர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்கவேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வந்தபின் பார்ப்பதைவிட வராமல் காப்பது சுலபம். மழைக்கு முன்பே மணலைக் கொட்டித் தரையை மேடாக்கி, அதன்மேல் பஞ்சாரத்தைக் கவிழுங்கள். நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிடுங்கள். கோழி அடையும் கொம்பைச் சிலாம்பு இல்லாமல் இழைத்து, இரண்டடி உயரத்துக்கு மேற்படாமல் கட்டுங்கள்.

சகோதரிக்கு நம் பதில் இதுதான்: கத்தியைக் கீழே வையுங்கள், விளக்கை எடுங்கள். நொண்டுவது குளிரினால் என்று கைவிட்ட கோழிகளில் பல, ஒரு முள்ளினாலோ ஒரு முழ நூலினாலோ நொண்டியவை. வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் கோழிகளின் காலையும் ஒரு தடவை பார்த்துவிட்டால், சிறுவாட்டுப் பணத்துக்குக் குறைவு வராது.