கடல்நீருக்குக் கொடுக்கும் விலை

சங்கப் பொதுப்பேரவையில் தேநீர்ச் செலவு ஐம்பது ரூபாய் மிகுந்தாலும் அங்கத்தினர் எழுந்து கேள்வி கேட்பர். தணிக்கையின்போது நாமும் விடுவதில்லை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் கணக்கை அவ்வாறு கேட்பவர் யார்?

1960களின் இறுதியிலிருந்து மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நன்னீரை வாரியக் கிணறுகள் மாநகருக்கு இறைத்தன. நம் உழவர்களும் அளவின்றி இறைத்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. மழை ஊட்டியதை விட எடுத்தது மிகுதியாகவே, கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. பல மைல் தூரம் கிணறுகள் உவர்த்துப் போயின. அதன்பின், அருகிலுள்ள காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் தனியார் ஆலை திறக்கப்பட்டது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2005ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி வாரியம் கொடுக்க இசைந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. முழு அளவும் வாங்கினால் ஒரே நாளில் 48 லட்சத்து 66 ஆயிரம் ரூபாய்! மண்ணுக்கடியில் இருந்த நன்னீரைக் கெடுத்துவிட்டு, மக்களின் வரிப்பணத்தில் அதற்கு ஈடு வாங்குவதைச் சிக்கனம் என்பாருண்டோ?

2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஆலைநீர் உதவியது உண்மையே. ஆயினும் ஏரிகளைத் தூர்வாரவும், கொசஸ்தலையாற்று நீரைத் தேக்கி மணலுக்குள் இறக்கவும் ஆகும் செலவே முந்தியிருக்க வேண்டும். ஆலைக்கு ஆண்டுதோறும் செலுத்தும் தொகையையும், நிலத்தடி நீரூட்டலுக்குச் செலவிடும் தொகையையும் வாரியம் அருகருகே அச்சிட்டு, மீஞ்சூர் உழவர்முன் வைக்க வேண்டுமெனக் கோருகிறோம்.